கிரகம் என்று சொல்ல மறுத்தவள்

போன மாதம் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் விலங்கியல் ஆசிரியர் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். பெரிய விண்வெளித் தொலைநோக்கி எங்கோ தூரத்தில் ஒரு கிரகத்தின் காற்றை அலசியதாம். அதில் உயிர்கள் வெளிவிடும் வாயு தெரிந்ததாம். ஆகவே அங்கே உயிர் இருப்பது உறுதியாகிவிட்டதாம். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள், பலூன்கள். செய்தியின் கடைசி வரியில் ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்த வரி வரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அவள் அந்தக் குழுவில் இருந்திருந்தால் விலங்கியல் ஆசிரியருக்கு அன்று சோறு இறங்கியிருக்காது. “நீங்க பாத்தீங்களா? பாத்தவங்க என்னா சொன்னாங்கன்னு முழுசா படிச்சீங்களா? பின்ன எதுக்கு உறுதின்னு எழுதினீங்க?” என்று ஒவ்வொரு பலூனாகக் குத்தி உடைத்திருப்பாள். அவள் இல்லாததால் பலூன்கள் நன்றாகப் பறந்தன. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், கேட்காமல் ஏன் எழுதினாய் என்று அதற்கும் சண்டைக்கு வருவாள்.

நாங்கள் இருவரும் போர்ட் பிளேரில் ஒரு டிரஸ்ட் கல்லூரியில் கான்ட்ராக்ட் விரிவுரையாளர்கள். நான் தமிழ், அவள் இயற்பியல். லம்பா லைனில் ஒரு வீட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். விமானம் இறங்கும் நேரத்தில் பாதிப் பேச்சு காதில் விழாத வீடு. அவள் அந்தச் சத்தம் அடங்கும்வரை வாயை அப்படியே திறந்து வைத்திருந்து, விட்ட இடத்தில் இருந்து திட்டத் தொடங்குவாள்.

கப்பல் ரத்தானால் அவளுக்குக் கோபம் வராது. கரண்ட் போனால், மழையில் துணி நனைந்தால், மாணவன் பரீட்சையில் பூஜ்யம் வாங்கினால் கோபம் வராது. தெரியாததைத் தெரிந்ததுபோல ஒருவர் சொல்லிவிட்டால் போதும், தொலைந்தார். ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டில் ஒரு பெங்காலிக்காரர், “தாஜா ஹை தீதி, அபி ஆயா” என்று சூரை மீனைத் தூக்கிக் காட்டினார். இப்போதுதான் வந்தது, புதுசு என்று எல்லா மீன்காரரும் சொல்வதுதான். இவள் விடவில்லை. “அபின்னா எப்போ? படகு வந்தத ஆப் நே தேகா க்யா?” என்று ஆரம்பித்தாள். அந்த மனிதர் கடைசியில், தான் பார்க்கவில்லை, தம்பிதான் வாங்கி வந்தான் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் இவள் சிரித்துக்கொண்டே அதே மீனை வாங்கினாள். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவளுக்கு வந்த கல்யாணச் சம்பந்தம் ஒன்றும் இப்படித்தான் போயிற்று. மாப்பிள்ளைக்குத் திருச்சிப் பக்கம். தரகர் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து காபியைக் குடித்துவிட்டு, “கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்மா” என்றார்.

“என்னா முடிஞ்சிச்சி?” என்றாள் இவள்.

“அதான், உங்க கல்யாணம்.”

“நான் அவர பாக்கவே இல்ல. அவரு என்னய பாக்கவே இல்ல. யாருக்கு முடிஞ்சிச்சி?”

தரகர் மாமா என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அத்தோடு அந்தச் சம்பந்தம் நின்றது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவள் கட்சால் தீவில் பிறந்தவள். அவளுடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்தில் இருந்து அனுப்பப்பட்டு, கட்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அம்மா சின்ன வயதில் இலங்கையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அங்கே சொன்ன எடைக்குக் கொழுந்து இருந்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள்.

“எட கொறஞ்சா அரைப்பேருதான்டி. அதுல கோவப்பட ஒன்னுமில்ல” என்றாள். “ஆனா ஒரு கணக்கப்புள்ள இருந்திருக்கான். தராசுல வைக்கவே மாட்டானாம். கூடைய ஒரு பார்வ பாத்துப்புட்டு அரைப்பேரு, முழுப்பேருன்னு எழுதிக்கிட்டே போவானாம். வேண்டியவங்களுக்கு முழுப்பேரு. எங்கம்மாவுக்கு அவன் ஒருநாள் முழுப்பேரு போட்டிருக்கான். எங்கம்மா, நிறுத்துட்டுப் போடுங்கன்னு நின்னுச்சாம். நிறுத்தா கொறஞ்சிருச்சி. அரைப்பேரு. லயத்து வீடுகள்ல எல்லாரும் சிரிச்சாங்களாம்.”

“உங்கம்மாவுக்குப் பைத்தியமா?” என்றேன்.

“ஆமா. எனக்கும்தான்” என்றாள்.

அவள் ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, தொலைநோக்கி எங்கே என்பது. அவளிடம் ஒரு பைனாகுலர்கூடக் கிடையாது. வானத்தை அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் பார்த்தாலும் மேகம்தான் தெரியும். அவளுடைய வானம் ஒரு பழைய மடிக்கணினிக்குள் இருந்தது. கிரகம் தேடுவதற்காகவே மேலே அனுப்பிய ஒரு விண்வெளித் தொலைநோக்கி, ஒரே நேரத்தில் ஏராளமான நட்சத்திரங்களை இமைக்காமல் பார்த்து, ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் திரும்பத் திரும்ப அளந்து அனுப்புகிறது. அந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கிரகம் குறுக்கே போனால் வெளிச்சம் துளியூண்டு மங்கும். திருவிழாச் சீரியல் பல்பில் ஒன்று அணைந்தால் தெருவில் எவ்வளவு வெளிச்சம் குறையுமோ அவ்வளவுதான். அதே மங்கல் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், கிரகமாக இருக்கலாம்.

“ஒரு தடவ மங்கினா அரைப்பேருகூட கெடையாது” என்பாள். “திரும்பத் திரும்ப வரணும். அப்பறம் அது வேற எதுவும் இல்லன்னு ஒன்னொன்னா அடிக்கணும். அப்பறம் தரையில இருக்க பெரிய தொலைநோக்கில பாக்கணும். அப்பதான் முழுப்பேரு.”

அப்போது கடலடி கேபிள் வரவில்லை. போர்ட் பிளேரில் நெட் என்பது ஒரு வதந்தி. ஒரு போட்டோ இறங்குவதற்குள் குக்கர் விசிலடித்துவிடும். ஆகவே அவள் எங்கள் தீவின் பழைய வழியைப் பிடித்தாள். மெயின்லேண்ட் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது. ஊறுகாய், பட்டுப்புடவை, மருந்து, ஜாதகம் எல்லாம் இங்கே அப்படித்தான் போய் வரும். கப்பலில் போகும் யாரையாவது பிடித்து ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொடுப்பாள். சென்னையில் அவளோடு படித்த தோழி ஒருத்தி அளவுகளை அதில் இறக்கி, திரும்பி வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவாள். கப்பல் வரும் நாளில் ஹாடோ துறையின் வாசலில் இவள் நிற்பாள். மற்றவர்கள் மனிதர்களை எதிர்பார்த்து நிற்பார்கள்.

முதல் டிஸ்க்கில் அவளுக்கு ஒரு நட்சத்திரம் அகப்பட்டது. வெளிச்சம் சீரான இடைவெளியில் மங்கியிருந்தது. அவள் துள்ளவில்லை. என்னிடம்கூட மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த டிஸ்க்கில் அதே நட்சத்திரத்தின் மேலும் பல நாள் அளவுகள் வரவேண்டும், அதைப் பார்த்தால்தான் வாயைத் திறக்கலாம் என்றாள்.

ஆனால் வாயைத் திறக்கவேண்டி வந்தது. அவள் மடிக்கணினி திணறியது. கல்லூரிக் கணினி ஆய்வகத்தைக் காலையில் வகுப்புக்கு முன்னால் பயன்படுத்திக்கொள்ளப் பிரின்சிபலிடம் அனுமதி கேட்டாள். எதற்கு என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம், காரணத்தைச் சொன்னாள். கிரகமா என்று கேட்டார். தெரியாது, பார்க்க வேண்டும் என்றாள். அவர் காதில் கிரகம் மட்டும் விழுந்தது.

பிரின்சிபல் கும்பகோணத்துக்காரர். வந்து பல வருஷமாகித் தீவுக்காரராகவே ஆகிவிட்டவர். இந்த ஊரில் கப்பல் வருவதற்கு முன்பே வெங்காயத்துக்கு விலை சொல்லி விற்றுவிடுவார்கள். கப்பல் கிளம்பிவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், சரக்கு வந்த மாதிரிதான். மழையில் நனைந்து பாதி அழுகி வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர் கிரகத்தையும் அப்படியே விற்றார். ஒரு வாரத்தில் டிரஸ்டுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. அதற்கடுத்து, ஒரு பெரிய அதிகாரி தலைமையில் பாராட்டு விழா என்று தேதி குறித்தார்கள். ஹாலுக்கு வெளியே ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் அவள் படம். பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு கிரகம். அழகுக்காக அதற்கு ஒரு வளையம் வேறு.

“வளையத்த யாரு பாத்தது?” என்று ஃப்ளெக்ஸ் கட்டிய ஆளைப் போய்க் கேட்டாள். அவர் பாவம், “டிசைன்ல இருந்துச்சு மேடம்” என்றார்.

நேராகப் பிரின்சிபல் அறைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். “சார், இன்னும் தெரியாது சார். ரெண்டாவது டிஸ்க் வரல” என்றாள்.

“அரே மேடம், டிஸ்க் ஆஜாயேகா. வந்துடும். அதே நட்சத்திரம்தானே? அதே மாதிரிதானே இருக்கப் போவுது?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “டிரஸ்ட்ல பேசிட்டேன். ரெகுலர் போஸ்ட். விழா மேடையிலயே ஆர்டர் குடுக்கலாம்னு இருக்காங்க” என்றார்.

அந்தப் போஸ்ட் அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். சம்பளத்துக்காக இல்லை. தரையில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு எழுத வேண்டுமானால், எழுதுகிறவர் பெயருக்குக் கீழே ஒரு கல்லூரியின் முகவரி நிலையாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்கும் கான்ட்ராக்ட்காரிக்கு அது இல்லை. அந்த முகவரி இல்லாமல் அவள் எத்தனை மங்கலைப் பிடித்தாலும் எல்லாம் அரைப்பேரோடு நின்றுவிடும். அவள் வாழ்க்கையில் வேண்டிக் கேட்டது அது ஒன்றுதான்.

டிஸ்க் வரவில்லை. கப்பல் வந்தது, பொட்டலம் வரவில்லை. கொண்டுவந்த பெரியவருக்கு வழியெல்லாம் வாந்தி. இறங்கும்போது பொட்டலத்தைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோனார். அந்தப் படுக்கைக்காரர் லாங் ஐலண்டில் கான்ட்ராக்டர் என்பது மட்டும் போனில் பேசிப் பேசித் தெரிந்தது. அவள் அடுத்த போட்டில் கிளம்பினாள். தனியாக விட்டால் அந்த மனிதரைக் கடித்துவிடுவாள் என்று நானும் போனேன்.

லாங் ஐலண்டில் ஜெட்டியில் இறங்கி நடந்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். ராமநாதபுரத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும் எங்களை உள்ளே அழைத்துப் போனார். சாமி மாடத்தில் முருகன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு பொட்டலம். அதன்மேல் குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. சென்னைத் தோழியின் அம்மா, கடல் தாண்டிப் போகிற சாமான் என்று மஞ்சள் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறார்.

“பழனி பிரசாதம்னுல நெனச்சேன். யாரு வீட்டு வேண்டுதலோ, எடுக்க வருவாகன்னு சாமிகிட்ட வச்சிட்டேன். தெனமும் சூடம் காட்டுறேன்” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது வெடிக்கப் போகிறாள்.

“பிரிச்சிப் பாத்தீங்களா?” என்றாள்.

“அதெப்படிம்மா? என்னன்னு தெரியாம, யாரோடதுன்னு தெரியாம நான் எப்படிப் பிரிக்க?”

“சரியாச் செஞ்சீங்கண்ணே” என்றாள். அவர் மனைவி கொடுத்த டீயை வாங்கிக் குடித்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்த வீட்டில்தான். தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவளுக்கு அவ்வளவு நிம்மதி. உலகத்தில் அதைச் சொல்கிறவர்கள் குறைவு, அதனால்தான் அவள் எப்போதும் கோபமாகவே இருந்தாள்.

நாங்கள் திரும்பி வந்த மறுநாளே விழா. அன்று காலையில் வெயில் வந்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்தாள். நான் இட்லி வாங்கிக்கொண்டு போனபோது திரையைக் காட்டினாள். ஒரே உயரத்தில் ஓடும் புள்ளிகள், நடுநடுவே சிறு பள்ளங்கள். எல்லாம் ஒரே பள்ளமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பள்ளங்களைத் தனியே பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். ஒரு கூட்டம் கொஞ்சம் ஆழம். மற்றது ஆழம் குறைவு.

“கிரகமா இருந்தா எல்லாப் பள்ளமும் ஒரே ஆழம் இருக்கணும். ஒரே கிரகம்தான திரும்பத் திரும்பப் போவுது? இது மாறி மாறி வருது. ரெண்டு நட்சத்திரம் ஒன்ன ஒன்னு சுத்தி, மாத்தி மாத்தி மறைக்கிதுன்னா இப்பிடி வரும். அந்தத் தொலைநோக்கில ஒரு கட்டத்துக்குள்ள பல நட்சத்திரம் விழுந்துரும். நம்ம நட்சத்திரத்துக்குப் பக்கத்துல வேற ஒரு ஜோடி இருக்கலாம்.”

“இருக்கலாம்தானே?” என்றேன். பிடித்துக்கொள்ள அந்த ஒரு சொல்தான் இருந்தது.

“ஆமா. இன்னும் அளந்து பாக்கணும். ஆனா கிரகம்னு சொல்ல முடியாது.”

மதியம் பிரின்சிபலிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் முட்டாள் இல்லை. எல்லாம் புரிந்தது அவருக்கு.

“சரி. இன்னிக்கு சால்வைய வாங்கிக்குங்க. ஆர்டர வாங்கிக்குங்க. ஒரு மாசம் போகட்டும். மறு ஆய்வுல இல்லன்னு தெரிஞ்சுதுன்னு ஒரு பேப்பர் எழுதிடுங்க. சயின்ஸ்ல இது சகஜம்தானே? கோன் பூச்சேகா? யாரு கேக்கப் போறா?”

வெளியே வந்ததும் நானும் அதையேதான் சொன்னேன். வாங்கிக்கோடி, முகவரி கிடைக்கட்டும், அப்புறம் எத்தனை நட்சத்திரத்தை வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஊரான் ஊரான் தோட்டத்தில் காய்க்கிற வெள்ளரிக்காய்க்கு விலை எழுதுகிற உலகத்தில் இவள் ஒருத்தி தராசைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் யார் என்ன செய்வது? அவள் என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து புடவை மாற்றிக்கொண்டாள்.

மேடையில் அதிகாரி, டிரஸ்ட் ஆட்கள், பிரின்சிபல். மேசைமேல் ஒரு தட்டில் மடித்த சால்வை, அதன்மேல் ஆர்டர் இருந்த கவர். அவளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தாள்.

“துறைமுகத்துல தூரத்துல ஒரு வெளக்கு தெரியும். ஒரு போட்டுன்னு நெனப்போம். கிட்ட வந்தா ரெண்டு போட்டு இருக்கும். நான் பாத்ததும் அப்பிடித்தான் இருக்கும் போல. ரெண்டாவது டிஸ்க் கெடச்சது. இன்னிக்கிக் காலையில பாத்தேன். அத கிரகம்னு என்னால சொல்ல முடியாது. கிரகம்னு வெளிய எழுதியிருக்கத எடுத்துருங்க. வளையத்தயும் எடுத்துருங்க.”

ஹாலில் யாரோ ஒரு மாணவி கைதட்டிவிட்டு, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்தினாள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார்கள் என்று ஹிந்தியில் பிரின்சிபலைக் கேட்டார். “அடக்கமாப் பேசுறாங்க சார், ரொம்ப அடக்கம்” என்று அவர் ஹிந்தியில் சொன்னதை முன்வரிசையில் இருந்த நான் என் காதால் கேட்டேன். அதிகாரி மகிழ்ந்துபோய்த் தானே எழுந்து சால்வையைப் போர்த்தினார். அவள் மறுபடி மைக்கை எடுக்கப் போனாள். மைக் அணைந்திருந்தது. கவர் தட்டிலேயே இருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மார்ச்சில் அவளுடைய கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதவில்லை. கான்ட்ராக்ட்டுக்குக் காரணம் தேவையில்லையாம். இயற்பியல் வகுப்பைக் கணக்கு ஆசிரியர் தலையில் கட்டினார்கள். நான் பிரின்சிபல் அறைக்குப் போய் வாசலில் ப்யூன் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நீங்களும் கான்ட்ராக்ட்தானே மேடம்?” என்றார்.

அவள் மெயின்லேண்ட் கப்பலில் போனாள். துறையில் பெஞ்சில் காத்திருந்த வேளையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் அவள் கையில் பொட்டலம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கினாள். தாம்பரம் பக்கம் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தாள். விடிவதற்குள் தொடங்கி இருட்டியபின் முடிகிற வேலை. போனில், “இங்க நெட்டு காத்து மாதிரி வருது. பாக்கத்தான் ஆளு இல்ல” என்பாள். சில மாதங்களில் எங்கள் தீவுக்கும் கேபிள் வந்துவிட்டது. இப்போது எங்கள் பிள்ளைகள் அதில் ரீல்ஸ் பார்க்கிறார்கள்.

போன மாதம் அந்தப் பலூன் செய்தி வந்த அதே வாரம் எங்கள் கல்லூரிக்கு மெயின்லேண்டில் இருந்து கல்லூரியைத் தரம்பார்க்கும் ஆய்வுக் குழு வந்தது. பிரின்சிபல் திரையில் படம் போட்டுக் கல்லூரியின் சாதனைகளைக் காட்டினார். நாலைந்து படம் தள்ளியதும் நீல நிறத்தில் கிரகம் வந்தது. வளையத்தோடு வந்தது. ஓரத்தில் சால்வை போர்த்திய அவள். ‘எங்கள் கல்லூரி கண்டுபிடித்த கிரகம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

குழுவில் ஒரு தமிழ் அம்மா இருந்தார். “அருமையா இருக்கே. இவங்கள நாங்க பாக்கலாமா?” என்றார்.

“மேல்படிப்புக்கு மெயின்லேண்ட் போயிருக்காங்க மேடம்” என்றார் பிரின்சிபல்.

எழுந்ததும் தெரியாது, பேசத் தொடங்கியதும் தெரியாது. “அவங்க கிரகம் கண்டுபிடிக்கல மேடம். அது கிரகம் இல்லன்னு கண்டுபிடிச்சாங்க. மேடையில சொன்னாங்க. அதுக்காகத்தான் அவங்கள வெளிய அனுப்பினாங்க” என்றேன். அந்த அம்மா பிரின்சிபலைப் பார்த்தார். பிரின்சிபல் என்னைப் பார்த்தார். என் கான்ட்ராக்ட்டும் மார்ச் வரைதான்.

வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து, நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

“என்னான்னு சொன்ன?”

“கிரகம் இல்லன்னு நீ கண்டுபிடிச்சேன்னு சொன்னேன்.”

“நான் எப்படி கண்டுபிடிச்சேன்?” குரல் ஏறியது. “கிரகம்னு சொல்ல முடியாதுன்னேன். இல்லன்னு எங்க சொன்னேன்? அது வேற, இது வேற. பக்கத்துல எது மங்குதுன்னு தரையிலேந்து பாத்தாத்தான் தெரியும். அதுக்கு நேரம் கேட்டு எழுத ஒரு காலேஜி பேரு வேணும். கோச்சிங் சென்டர் பேருல குடுக்க மாட்டாங்க. நானே இன்னும் தெரியாம ஒக்காந்திருக்கேன். ஒனக்கு யாரு சொன்னா இல்லன்னு?”

“ஏண்டி, உனக்காக என் வேலைய—”

“அந்தம்மா இன்னும் ஊர்லதான இருப்பாங்க? போய் திருத்திச் சொல்லு. சொல்லிட்டு எனக்குக் கூப்புடு.”

வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைக் கடலில் வீசியிருப்பேன். பாவி, ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அந்தக் குழு மரைன் ஹில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தது. ஆட்டோக்காரரிடம் அங்கே போகச் சொன்னேன்.